ஆவடியில் சாய்ந்த போர்க்கப்பல்

இப்போது நீங்கள் வரைகிற ஃபிரிகேட்டின் மேல்தளத்தில் ஹெலிகாப்டர் இறங்குகிறது என்றார்கள். நல்லது. நான் முதன்முதலில் வேலை பார்த்த ஃபிரிகேட்டின் மேல்தளத்தில் காக்கா இறங்கியது. பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்க வந்த பெண்கள் மத்தியானத்தில் அந்தக் கப்பலின் நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். கூழ் குடிக்க நிழல் கொடுத்த போர்க்கப்பல் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அனுபவத்தைப் பேசுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனுக்கு மாலை போட்டு, பிஸ்கட் கொடுத்து, பேசவும் சொன்னால் அவன் என்ன செய்வான்? கடலில் உப்புப் போட்டதே தான்தான் என்று ஆரம்பித்துவிடுவான். அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். நான் சொல்லப்போகிற விஷயம் நடந்த இடத்தில் கடலே கிடையாது. அது ஆவடி.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, அவன் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றதும் வெட்கத்தோடு திரும்பி வந்திருந்த சமயம். துறைமுகத்தில் இருந்த கப்பல் வரைபடக்காரர்களில் சிலரைப் பத்திரமான இடத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பத்திரமான இடம், முத்தாபுதுப்பேட்டைக்குப் போகிற வழியில் ராணுவக் கிடங்குகளைத் தாண்டிப் போட்ட ஒரு தகரக் கொட்டகை. எங்களைச் சுற்றிலும் வெடிமருந்துதான் அடுக்கியிருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டோம். அவ்வளவு பத்திரம்.

நான் அம்பத்தூர்க்காரன். வீட்டில் நெல், மாடு, அப்பாவின் வசவு மூன்றுக்கும் குறைவில்லை. வரைபடம் படித்துவிட்டு அந்தக் கொட்டகையில் வேலை கிடைத்ததும் அப்பாவிடம் போய், "கப்பல் கட்டப் போறேன்" என்றேன்.

"ஏரியிலயே தண்ணி இல்லாத ஊர்ல கப்பலா? ஒன்ன எவனோ நல்லா ஏமாத்திக்கினு கீறான்டா" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் கட்டியதும் முழுக் கப்பல் இல்லை, வால் மட்டும்தான்.

விளக்கமாகச் சொல்கிறேன். ஃபிரிகேட் அன்றைக்குப் புது வகைக் கப்பல். சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது கூடவே காவலுக்குப் போகிற நாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அடியில் நீர்மூழ்கி இருக்கிறது என்று தெரிந்தால் அதன் தலைக்கு மேலேயே ஓடிப்போய், பின்பக்கத்திலிருந்து ஆழ்குண்டுகளை உருட்டிவிடும். ஆழ்குண்டு என்றால் எண்ணெய் பீப்பாய் மாதிரி ஓர் உருளை, உள்ளே வெடிமருந்து. இந்த வேலையை அதற்கு முன்னால் செய்துகொண்டிருந்த சின்னக் கப்பல்கள் அலையில் தக்கை மாதிரி ஆடும்; அதில் போனவன் சாப்பிட்ட சோறு அவனுக்குச் சொந்தமில்லை. ஃபிரிகேட் நீளமானது, இரண்டு புரொப்பல்லர் உள்ளது, வெகுதூரம் போய் வரும். ஆடும், ஆனால் கொஞ்சம் மரியாதையாக ஆடும்.

துறைமுகத்தில் நின்ற ஒரு ஃபிரிகேட்டில் கூடுதலாகக் கொஞ்சம் ஆழ்குண்டுகளை ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. எங்கே வைப்பது? இரும்பை வெட்டிவிட்டு அப்புறம் யோசிக்க முடியாது. அதனால் கப்பலின் பின்பகுதியை மட்டும் அசல் அளவில் மரத்தில் செய்து, அதில் ஏற்பாட்டைப் பொருத்திப் பார்த்து, சரி என்றால் துறைமுகத்துக்குச் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் வேலை.

எங்களுக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் பேரன் யாராவது உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கலாம். நாங்கள் சீஃப் என்று கூப்பிட்டோம். கப்பல் வரைவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் மனிதர் கப்பலில் ஏறியது கிடையாது, குதிரை வண்டியில் போனாலே குமட்டும். "மாட்டு டாக்டர் பால் கறந்து காட்டணும்னு எவனாவது சொல்றானா?" என்பார். எதைக் கேட்டாலும் முதலில் வெள்ளி டப்பாவைத் திறந்து, பொடியை எடுத்து மூக்கில் ஏற்றி, தும்மி முடித்த பிறகுதான் பதில். கேள்வி கேட்டவன் அதற்குள் தன் கேள்வியைத் தானே வெறுத்துவிடுவான்.

கூடுதல் குண்டுகளுக்கு அவர் போட்ட திட்டம் உண்மையிலேயே அழகானது. ஒரு சின்னத் தள்ளுவண்டி. அதன் மேல் குண்டுகள். மேல்தளத்தில் குறுக்கே தண்டவாளம். கயிற்றை அவிழ்த்துத் தள்ளினால் வண்டி போய் ஒரு தடுப்புக்கட்டையில் இடித்து நிற்கும். அங்கிருந்து குண்டை எடுத்து ஏவுதளத்தில் வைக்கலாம். ஆள் பலம் மிச்சம், நேரம் மிச்சம். வரைந்து முடித்ததும் தாளைத் தள்ளிப்பிடித்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நான் அப்போது ஒரு கேள்வி கேட்டேன். "கப்பல் ஆடுமே சார்?"

பொடி. தும்மல். "ஆடட்டும் ஏகாம்பரம். அது ஆடுற வேலையைப் பார்க்கட்டும், நாம வரையுற வேலையைப் பார்ப்போம்."

அதோடு போயிருக்கும். ஆனால் மறுவாரம் சீஃப் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பினார். பாரிவாக்கம் பக்கத்தில் எதிரே வந்த மாட்டு வண்டிக்கு வழிவிடப் போய் பஸ்ஸின் ஒரு பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கிவிட்டன. பஸ் கவிழவில்லை, சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வில், உள்ளே யாரோ ஏற்றியிருந்த பூசணிக்காய் மூட்டை முழுவதும் சீஃப்பைத் தேடி வந்து சேர்ந்தது. மறுநாள் நெற்றியில் வீக்கத்தோடு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"சாய்ச்சுப் பார்த்துடலாம்யா" என்றார்.

அப்படித்தான் மரக்கப்பலின் ஒரு பக்கத்துக்கு அடியில் லாரி தூக்குகிற ஜாக்கிகளை வரிசையாக வைத்தோம். அவற்றைத் திருகத் திருக, ஆவடியின் செம்மண்ணில் நின்ற கப்பல் நடுக்கடலில் சாய்வதுபோலச் சாயும். ஜாக்கிக்கு ஆட்கள் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி முனுசாமி. குண்டுக்குப் பதில் பீப்பாய்களில் ஏரிக் களிமண்ணை அடைத்தோம். மேல்தளத்தில் மாலுமிகளாக நடிக்கவும் அவன் ஆட்களில் நாலு பேரை நிறுத்தினோம். ஏர் ஓட்டிய கால்கள். பாதம் தரையில் பசைபோல ஒட்டும்.

ஒரு வேடம்தான் பாக்கி. மேல்தளத்துக்கு நேர் கீழே சுக்கான் அறை என்று ஒன்று இருக்கிறது. மேலே இருக்கிற சக்கரம் அடிபட்டுவிட்டால், கப்பலைத் திருப்ப அங்கே ஆள் இருந்து கையால் சுக்கானைத் திருப்ப வேண்டும். அதனால் சண்டை நேரத்தில் அந்த அறையில் ஆள் இருப்பான். ஏறி வர ஒரே வழி, தலைக்கு மேலே வெளிப்பக்கமாகத் திறக்கிற ஒரு மூடி. அந்த ஆளாக நடிக்க சீஃப் தேர்ந்தெடுத்தது காசிம் பாயை.

காசிம் பாய் பூந்தமல்லிக்காரர். கித்தான் தைப்பவர். கூடாரம், லாரிப் போர்வை, பீரங்கி உறை எதுவானாலும் அவர் கை ஊசிக்கு இளகும். கொட்டகைக்கு உறை தைக்க வந்தவர். நல்ல தொந்தி.

"என்னை ஏன் சார் புட்ச்சிங்க? ஒல்லியா எவ்ளோ பேரு கீறாங்க" என்று கேட்டார்.

"ஒல்லிக்காரன் எந்த ஓட்டையிலயும் பூந்து வந்துடுவான். உம்ம மாதிரி ஆள் வெளியே வந்தாத்தான்யா அது வழி" என்றார் சீஃப்.

காசிம் பாய் என் பக்கம் திரும்பினார். "இன்னா வாத்யாரே, என் தொப்பைக்கும் சர்க்கார்ல வேலை கெட்ச்சிடுச்சி."

பார்வையிட வந்தவர் ஒரு வெள்ளைக்காரக் கடற்படை அதிகாரி. நாற்பது வயதுக்குள்தான். கடலில் ஒரு கப்பல் மூழ்கி, அதிலிருந்து பிழைத்து வந்தவர் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்கு அவசரம். கப்பல் சீக்கிரம் கிளம்ப வேண்டும். குண்டு ஏற்றியாக வேண்டும். மரக்கப்பலைச் சுற்றி வந்து, தள்ளுவண்டியைத் தட்டிப் பார்த்து, மெல்லச் சிரித்தார். சீஃப்பின் முகத்தில் பூரிப்பு. ஒத்திகை ஆரம்பித்ததும் அதிகாரியின் முகம் மாறியது.

"இது டீ பார்ட்டி மாதிரி இருக்கிறது. சண்டையில் புகை இருக்கும். புகை போடுங்கள்" என்று இங்கிலீஷில் உத்தரவிட்டார்.

ஈர வைக்கோலையும் எண்ணெய்க் கந்தலையும் ஒரு வாளியில் கொளுத்தி, மூடி வழியாகச் சுக்கான் அறைக்குள் இறக்கினோம். உள்ளேயிருந்து காசிம் பாய் குரல் கொடுத்தார்: "நல்லா போடு வாத்யாரே, உள்ள கொசு ஜாஸ்தியா கீது!" வேடிக்கை பார்த்த கடலைக்கொல்லைப் பெண்கள் சிரித்தார்கள். மூடியைச் சாத்தினோம்.

எவ்வளவு சாய வேண்டும் என்று அதிகாரி அளவு சொன்னார். முனுசாமி ஆட்கள் ஜாக்கிகளைத் திருகினார்கள். கப்பல் முனகிக்கொண்டே சாய்ந்தது. பாதியில் ஒரு ஜாக்கி சிக்கிக்கொண்டது. "திரும்பல நைனா" என்று முனுசாமி என்னைப் பார்த்துக் கத்தினான். அதிகாரி தளத்தின் மேல்முனையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு போதும் என்று கையைக் காட்டினார். மாலுமி வேடக்காரர்கள் வண்டியின் கயிற்றை அவிழ்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அதிகாரி விசிலை ஊதினார். கப்பலைக் கைவிட்டு எல்லாரும் வெளியேற வேண்டும் என்று அர்த்தம். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டுக் குதித்தார்கள். நடுக்கடலிலும் அப்படித்தான் செய்வார்கள்.

வண்டி உருண்டது. வரைந்த தண்டவாளத்தில் போய், வரைந்த தடுப்புக்கட்டையில் இடித்து, வரைந்த இடத்தில் நின்றது. எந்தக் கட்டையும் உடையவில்லை, எந்த ஆணியும் பிடுங்கிக்கொள்ளவில்லை. எல்லாம் படத்தில் இருந்தபடியே நடந்தது. வண்டியின் முன்பக்கம் மட்டும் சுக்கான் அறை மூடியின் மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. கப்பல் நிமிர்ந்து நிற்கும்போது வண்டி எதிர்ப்பக்கம் கட்டிக் கிடக்கும் என்பதால், இந்த ஒரு சாண் யார் கண்ணிலும் பட்டதில்லை.

கீழேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. முதலில் எல்லாரும் சிரித்தோம். காசிம் பாய் விளையாடுகிறார் என்று நினைத்தோம். பிறகு இருமல். "வாத்யாரே, தொறக்கல! மூச்சு முட்டுது, தொறங்கடா!" என்று கத்தினார். வேடக்காரர்கள் ஏறி வண்டியைத் தள்ளினார்கள். களிமண் கனம், மேடு, சாய்ந்த பலகை. ஏர் ஓட்டிய கால்களே வழுக்கின. புகை மூடியின் இடுக்கு வழியாக வந்து அவர்கள் கண்ணைக் கரித்தது. முனுசாமி ஜாக்கிகளை இறக்கப் பார்த்தான். சிக்கிய ஜாக்கி அசையவில்லை, அது அசையாமல் மற்றதை இறக்கினால் எல்லாமே கவிழும்.

தட்டும் சத்தம் நின்றது.

சீஃப் ஓடி வந்ததை அன்றுதான் பார்த்தேன். "பார்த்துக்கிட்டு நிக்காதே! பக்கத்தை உடை!" என்றார். கிடங்கு மேற்பார்வையாளர் குறுக்கே வந்து, "சர்க்கார் சொத்து சார், யாரு பொறுப்பு?" என்றார். "நான்தான்யா பொறுப்பு! கோடாலியைக் குடு!" என்று சீஃப் பக்கத்தில் நின்ற ஆளிடமிருந்து அதைப் பிடுங்கி என்னிடம் எறிந்தார்.

கைக்கு எட்டிய பக்கம் தாழ்ந்த பக்கம். கோடாலியை ஓங்கினேன். ஓங்கிய பிறகுதான் தோன்றியது: அறை சாய்ந்திருக்கிறது. மயங்கிய ஆள் இந்தப் பக்கம்தான் சரிந்து கிடப்பான். பலகைக்கு அந்தப் பக்கம் அவன் தலை இருந்தால்? வெட்டவில்லை. கப்பலின் வால்முனைக்கு ஓடினேன். அங்கே எந்தக் கட்டைக்கும் எந்தக் கட்டைக்கும் நடுவில் வெறும் பலகை என்பது தெரியும், நானே வரைந்தது. போட்டேன். மூன்றாவதோ நாலாவதோ வெட்டில் பலகை பிளந்து புகை என் முகத்தில் அடித்தது. முனுசாமியும் நானும் கையை விட்டு, கிடைத்த சட்டையைப் பிடித்து இழுத்தோம். நான் முதலில் வெட்ட ஓங்கிய பலகையை ஒட்டித்தான் அவர் கிடந்தார்.

மண்ணில் போட்டுத் தண்ணீர் தெளித்தோம். கடலைக்கொல்லைப் பெண் ஒருத்தி முந்தானையால் விசிறினாள். காசிம் பாய் நெடுநேரம் இருமினார், வாந்தி எடுத்தார், கண்ணைத் திறந்தார். தாடியெல்லாம் கரி.

"எவன்டா பொகைய போடச் சொன்னது?" என்பதுதான் முதல் வார்த்தை. யாரோ அதிகாரியைக் காட்டினார்கள். காசிம் பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "தொரை ஊட்ல அடுப்பே எரிச்சது இல்ல போல கீது" என்று சொல்லிவிட்டு மறுபடி இருமினார்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இனிமேல்தான். கோடாலி எடுப்பது பெரிய விஷயம் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறான் என்றால் யாரும் எடுப்பார்கள்.

காசிம் பாய் எழுந்து உட்கார்ந்ததும் எல்லாருக்கும் உயிர் வந்தது. உயிர் வந்ததும் மூளை வந்தது. மூளை வந்ததும் பழி யார் மேல் என்ற யோசனை வந்தது. அதிகாரி என்னிடம் வந்தார். கோபமாக இல்லை, தோளில் கைகூட வைத்தார்.

"ஜாக்கிகள் உன் பொறுப்பா?"

"ஆமாம் சார்."

"நான் சொன்ன அளவைவிட அதிகமாகச் சாய்த்துவிட்டாய், அப்படித்தானே? புது ஆள், பரவாயில்லை. கப்பல் இவ்வளவு சாயாது. திட்டத்தில் குற்றம் இல்லை."

ஒரே ஒரு 'ஆமாம் சார்' போதும். அவருக்குக் குண்டு கிடைக்கும், கப்பல் நேரத்துக்குக் கிளம்பும், சீஃப்பின் அழகான வண்டி பிழைக்கும், எனக்கும் தண்டனை இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். நான் சீஃப்பைப் பார்த்தேன். அவர் பொடி டப்பாவைக் கையில் வைத்திருந்தார், திறக்கவில்லை. அந்த முகத்தில் எனக்கு உதவியாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்திருந்த காசிம் பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அவரைப் பார்த்தபடியே பதில் சொல்வது சுலபமாக இருந்தது.

"இல்லை சார். குறைவாகத்தான் சாய்ந்தது. ஒரு ஜாக்கி பாதியிலேயே சிக்கிக்கொண்டது. நீங்கள் கேட்ட அளவு சாய்ந்திருந்தால் வண்டி இன்னும் வேகமாக வந்திருக்கும்."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். அவர் நிச்சயம் சந்தோஷப்படுவார். அது இன்னும் கொடுமை.

அதிகாரி என் தோளிலிருந்து கையை எடுத்தார். அப்போது சீஃப் பேசினார். "பையனை விடுங்கள். அந்த வண்டி என்னுடையது. தப்பு என்னுடையது. அந்த வண்டி அங்கே இருக்கக் கூடாது."

"அந்த வண்டியில் இருக்கிற குண்டுதான் நாளைக்கு நீர்மூழ்கியை அழிக்கப்போகிறது. அது அழியாவிட்டால் கப்பலில் எல்லாரும் சாவார்கள். ஒரு மூடிக்காகக் குண்டை விடச் சொல்கிறீர்களா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீங்களும் இந்த வாதத்தைக் கேட்பீர்கள். கப்பலில் இடம் கொஞ்சம், எல்லாரும் தங்கள் சாமானை ஏற்றத்தான் பார்ப்பார்கள். எல்லாரிடமும் நல்ல காரணம் இருக்கும்.

சீஃப் வாதாடவில்லை. சுக்கான் அறையைக் காட்டி, "உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார்.

வெள்ளைக்கார அதிகாரியிடம் அந்தக் காலத்தில் இப்படிப் பேசுகிறவர் குறைவு. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி முனுசாமியிடம் கொடுத்தார். அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். வாளியை எடுத்துப் புகையை வெளியேற்றினோம். இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்து வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்தோம். உடைத்த ஓட்டையில் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தோம். அதிகாரி மூடி வழியாக இறங்கினார். சாத்தினோம். கயிற்றை விட்டோம். வண்டி போய் அதே இடத்தில் நின்றது.

தட்டும் சத்தம் வந்தது.

சீஃப் பொடி டப்பாவைத் திறந்தார்.

"சார், தொரை தட்றாரு" என்றான் முனுசாமி.

"கேக்குது." ஒரு சிட்டிகை எடுத்தார்.

"பலமா தட்றாரு சார்."

"மரம் நல்ல மரம்யா." ஒரு மூக்கு. மறு மூக்கு. தும்மல் வரவில்லை. வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார். உள்ளே தட்டுவது போய் உதைப்பதாக மாறியது. காசிம் பாய் கரி பூசிய முகத்தோடு எழுந்து வந்து மரக்கப்பலின் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். "பாவம் சார், தொறந்துடுங்க. உள்ள ரொம்ப பேஜாரா இருக்கும்" என்றார். அன்றைக்கு அந்த இடத்தில் அதைச் சொல்ல உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். சீஃப் ஒருமுறை தும்மினார், "இழுங்கய்யா" என்றார்.

அதிகாரி வெளியே வந்தபோது முடியெல்லாம் மரத்தூள். முட்டியில் ரத்தம். தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு, "வண்டி வேண்டாம்" என்றார். நாலடி போனவர் திரும்பி, "நீங்கள் வேண்டுமென்றே என்னைக் காக்க வைத்தீர்கள்" என்றார்.

"தும்மல் வரத் தாமதமாகிவிட்டது சார்" என்றார் சீஃப்.

அதன் பிறகு சீஃப் என்னோடு பேசவில்லை. பாராட்டுவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு வலித்தது. தன் குழந்தையைக் கொன்றவனைப் பார்ப்பதுபோல என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் காலையில் வெற்றுத்தாள் ஒன்றை என் மேஜையில் கொண்டுவந்து போட்டார். "புதுத் திட்டம் நீயே போடு. தப்பு வந்தா உன் தப்பா இருக்கட்டும்" என்றார். பாராட்டு அவ்வளவுதான். நான் வண்டியை எடுத்துவிட்டு, குண்டுகளைக் குறைத்து, மூடியைச் சுற்றி வெறும் இடம் விட்டேன். துறைமுகத்தில் அப்படியே வெட்டினார்கள். கப்பல் கிளம்பியது.

அந்தக் கப்பல் மூழ்கவில்லை. அந்த மூடி வழியாக ஒருவனும் தப்பிக்க வேண்டி வரவில்லை. நாங்கள் குறைத்த குண்டுகள் இல்லாமல் ஏதாவது நீர்மூழ்கி தப்பித்ததா என்றும் தெரியாது. நம் தொழிலில் நாம் செய்தது சரி என்று யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க மாட்டார்கள். அது வராது என்று தெரிந்தே படம் வரையுங்கள்.

யுத்தம் முடிந்த பிறகு அதே ஃபிரிகேட் மதராஸ் துறைமுகத்துக்கு வந்தது. அதன் பீரங்கிகளுக்குப் புது உறை தைக்கிற வேலை காசிம் பாய்க்குக் கிடைத்தது. "வா வாத்யாரே, நம்ம கப்பல் வந்துகினு கீது, பாக்கலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கப்பலை இரும்பில் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சாம்பல் நிறம், உப்பு அரித்த தகடு, எஞ்சின் வாசனை. காலடியில் அது லேசாக அசைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜாக்கி இல்லாமலே சாய்கிறதே!

நேராகப் பின்பக்கம் போனோம். நான் விட்ட வெறும் இடத்தைத் தேடினேன். காணவில்லை. அங்கே வெங்காய மூட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாக, மூடி இருக்கிற இடமே தெரியாமல் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு சமையல்காரர் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். ராயபுரத்து ஆள்.

"இங்க ஏன்யா மூட்டை?" என்று கேட்டேன்.

"காத்து வர்ற எடம் சார். உள்ள வெச்சா அழுகிப்பூடும். எந்தப் புண்ணியவானோ காலியா உட்டு வெச்சிக்கிறான்."

அந்தப் புண்ணியவான் நான்தான். காசிம் பாய் ஊசிப் பையைக் கீழே வைத்தார். மேல் மூட்டையைப் பிடித்து இழுத்துத் தளத்தில் போட்டார். அடுத்ததை இழுத்தார். வெங்காயம் சிதறி நாலு பக்கமும் ஓடியது. "யோவ், இன்னாய்யா பண்ற! ரேஷன் வெங்காயம்யா!" என்று சமையல்காரர் கத்தியோடு எழுந்தார். கடைசி இரண்டு மூட்டைகள் நகராததால், காசிம் பாய் பாதி தெரிந்த மூடியின் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டார்.

"இத்த நவுத்துற வரிக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். கீழ ஆளு கீறான்" என்றார்.

"சண்டைதான் முடிஞ்சி போச்சேய்யா. கீழ எவனும் இல்ல!"

"இருப்பான்."

கூட்டம் கூடியது. மாலுமிகள் சிரித்தார்கள். சத்தம் கேட்டுக் கப்பல் தலைவரே வந்துவிட்டார். உருண்டு கிடந்த வெங்காயங்களையும், கத்தியோடு நின்ற சமையல்காரரையும், மூடியில் உட்கார்ந்திருந்த தாடிக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கோட்டு போட்டிருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என்னிடம் கேட்டார்.

"யார் இந்த மனிதர்?"

"உங்கள் கப்பலிலிருந்து முதன்முதலில் தப்பித்தவர் சார்" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை. காசிம் பாயைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், சமையல்காரரிடம் திரும்பி, "வெங்காயத்தை எடு" என்றார்.

கடைசி மூட்டை போன பிறகுதான் காசிம் பாய் எழுந்தார். குனிந்து மூடியைத் தூக்கித் திறந்து பார்த்தார். சாத்தினார். என்ன நினைத்தாரோ, மறுபடியும் ஒருமுறை திறந்து பார்த்தார்.